வழக்கில் பெயர் இல்லாதவர்

ஒரு கொலை வழக்கின் கட்டை எடுத்துப் பாருங்கள். மேல் தாளில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று அரசு, மற்றொன்று குற்றம் சாட்டப்பட்டவர். இறந்தவருடைய மனைவியின் பெயர் அங்கே இராது; தாய் தந்தையர் பெயரும் இராது. தாள்களைப் புரட்டிக்கொண்டு போனால், அரசுத் தரப்புச் சாட்சி எண் 1 என்றோ எண் 4 என்றோ ஓரிடத்தில் அவர்களைக் காணலாம். சம்மன் வந்த நாளில் வந்து, கூண்டில் ஏறி, கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி, இறங்கிப் போய்விட வேண்டும். வழக்கு எப்போது முடிந்தது, என்ன தீர்ப்பு ஆயிற்று என்பதைப் பிறகு பத்திரிகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களும் உண்டு.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு நம் சட்டம் பல பாதுகாப்புகளை அளித்திருக்கிறது. வக்கீல் வைத்துக்கொள்ளலாம், பேசாதிருக்கலாம், ஐயத்தின் பலனைப் பெறலாம். இவையெல்லாம் நெடுங்காலப் போராட்டத்தின் விளைவாக வந்தவை. இவற்றுள் ஒன்றைக்கூடக் குறைக்கலாகாது. ஆனால் யாருக்குத் தீங்கு நேர்ந்ததோ அவருக்கு என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியைச் சென்ற எழுபது ஆண்டுகளாக உலகம் மெல்ல மெல்லக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக விடை சொல்லியிருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக்கப்பட்டவருக்கு வேண்டியவை மூன்று. வழக்கில் நடப்பதை அவர் அறிய வேண்டும். தம் குறையை அவர் சொல்ல, நீதிமன்றம் கேட்க வேண்டும். இழந்ததற்கு இயன்ற அளவு ஈடு பெற வேண்டும். தண்டனையை அளந்து கொடுக்கும் தராசு மட்டும் அவர் கையில் இருத்தலாகாது. இந்த எல்லை தெளிவாக வரையப்பட்ட இடங்களில் பாதிக்கப்பட்டோரின் உரிமை வளர்ந்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையும் அதனால் கெடவில்லை.

வழக்கு யாருடையது?

ஆதியில் வழக்கு பாதிக்கப்பட்டவருடையதாகவே இருந்தது. பாபிலோனிய மன்னன் ஹம்முராபி ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன் கல்லில் பொறித்த சட்டங்களில் ஓர் அருமையான விதி உண்டு. வழிப்பறி செய்தவன் பிடிபடவில்லையானால், பறிகொடுத்தவனுக்கு அந்த நகரமும் அதன் அதிகாரியும் சேர்ந்து இழப்பை ஈடுசெய்ய வேண்டும். உயிர் போயிருந்தால் உறவினருக்கு ஒரு மினா வெள்ளி தர வேண்டும். காவல் புரியும் பொறுப்பை ஏற்றவர்கள் காவல் தவறினால் ஈடு தரக் கடமைப்பட்டவர்கள் என்னும் எண்ணம் இதனுள் இருக்கிறது.

ரோமானியச் சட்டத்தில் திருட்டு என்பது பெரும்பாலும் தனி மனிதர் தொடுக்கும் வழக்கே. கையும் களவுமாகப் பிடிபட்ட திருடன் பொருளின் மதிப்பைப்போல் நான்கு மடங்கும், மற்றத் திருடன் இரண்டு மடங்கும் உடையவனுக்குக் கொடுக்க வேண்டும். கி.பி. 600-ஐ ஒட்டிக் கென்ட் நாட்டை ஆண்ட ஏதல்பர்ட் மன்னனின் சட்டத்திலோ பல்லுக்கு ஒரு விலை, விரலுக்கு ஒரு விலை, கண்ணுக்கு ஒரு விலை என்று நீண்ட பட்டியலே இருக்கிறது.

இதைக் கண்டு, "ஆகா, அந்தக் காலமே நல்ல காலம்!" என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அந்தப் பட்டியலை இன்னும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் வெஸ்ஸெக்ஸ் நாட்டில் சாதாரணக் குடியானவனின் உயிருக்கு விலை 200 ஷில்லிங். பிரபுவின் உயிருக்கு 1,200 ஷில்லிங். ஆறு குடியானவர்கள் சேர்ந்தால்தான் ஒரு பிரபு! பிறப்பைப் பார்த்து உயிருக்கு விலை வைத்த நியாயம் அது. மேலும், ஈடு கொடுக்க மறுத்தவனோடு போராட வேண்டியவர்கள் பாதிக்கப்பட்டவரின் உறவினர்களே. சுற்றம் பெருத்தவனுக்கு ஈடு கிடைத்தது. சுற்றம் இல்லாதவன் அழுதுவிட்டுப் போனான்.

பின்னர் மன்னர்கள் வலுப்பெற்றார்கள். குற்றம் என்பது மன்னனின் அமைதியைக் குலைக்கும் செயல் என்று ஆயிற்று. உறவினருக்குப் போய்க்கொண்டிருந்த பணம் சிறிது சிறிதாக மன்னனின் கருவூலத்துக்குப் போயிற்று. ஆயினும், வழக்கை நடத்தும் சுமை மட்டும் பாதிக்கப்பட்டவர் தலையிலேயே நெடுங்காலம் இருந்தது. 1829-இல் லண்டன் மாநகரப் போலீஸ் அமைந்த பிறகும், 1879-இல் அரசு வழக்குத் தொடுநருக்கெனச் சட்டம் வந்த காலம் வரையிலும், இங்கிலாந்தில் திருடனைக் கோர்ட்டுக்கு இழுத்துச் செல்லும் செலவும் அலைச்சலும் பெரும்பாலும் பறிகொடுத்தவனையே சேர்ந்தவை. பொருளும் போய், அதைக் கேட்கப் போனால் கைப்பொருளும் போகும் என்றால், ஏழை எங்கே போவான்?

ஆகவே, வழக்கை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது ஏழைக்குக் கிடைத்த பெரிய நன்மை. வலியவனுக்கு எதிராக எளியவன் தனியாக நிற்க வேண்டாம்; அவனுக்காக அரசு நிற்கும். இந்த நன்மையை மறந்துவிட்டுப் பாதிக்கப்பட்டோர் உரிமையைப் பேசுவது பேதைமை.

வழக்கை முழுவதும் குடும்பத்தின் கையில் திருப்பிக் கொடுத்தால் என்ன நேரும் என்பதற்குப் பாகிஸ்தானின் அனுபவம் அண்மைக்காலச் சான்று. 1990-இல் அங்கே கொண்டுவரப்பட்ட சட்டம், கொலையுண்டவரின் வாரிசுகள் கொலையாளியை மன்னிக்கலாம், அல்லது பணம் பெற்றுச் சமரசம் செய்துகொள்ளலாம் என்று வகுத்தது. மன்னிக்கும் உரிமை உயர்ந்ததுதான். ஆனால், குடும்ப மானம் என்ற பெயரால் அண்ணனே தங்கையைக் கொன்றால், மன்னிக்கும் உரிமை யாருக்கு? அதே வீட்டிலிருக்கும் தந்தைக்கு! கொன்றவனும் மன்னித்தவனும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் நிலை வந்தது. 2016-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, இத்தகைய கொலைகளில் உறவினர் மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு என்று விதித்தது. உண்மையில் பாதிக்கப்பட்டவள் பேச முடியாத இடத்தில் அவளுக்காக அரசுதான் பேச வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

442 ஆண்டுக் கணக்கு

அரசு வழக்கை எடுத்துக்கொண்டது சரி. ஆனால் வழக்கோடு சேர்த்து அபராதத்தையும் எடுத்துக்கொண்டது. பாதிக்கப்பட்டவரை மறந்தும் போயிற்று. இந்த மறதியை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் மார்ஜரி ஃபிரை என்ற ஆங்கிலப் பெண்மணி. அவர் வாழ்நாள் முழுவதும் பாடுபட்டது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? சிறைச் சீர்திருத்தத்துக்கு, தூக்குத் தண்டனை ஒழிப்புக்கு. கைதிகளுக்காக இரங்கிய அந்த உள்ளந்தான் கைதிகளால் துன்புற்றவர்களுக்காகவும் இரங்கியது. இரக்கத்தில் இரு கட்சி இல்லை என்பதற்கு அவரே சான்று.

அவர் எடுத்துக்காட்டிய வழக்கு ஒன்று உண்டு. தாக்குதலுக்கு உள்ளாகி ஒருவர் கண்பார்வையை இழந்தார். தாக்கியவர் இருவரும் 11,500 பவுன் நஷ்டஈடு தர வேண்டும் என்று 1951-இல் தீர்ப்பாயிற்று. அவர்களிடம் அவ்வளவு பணம் ஏது? ஆளுக்கு வாரம் 5 ஷில்லிங் கட்டும்படி ஏற்பாடாயிற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கடைசித் தவணையைப் பெற்றுக்கொள்ள அந்தக் குருடர் இன்னும் 442 ஆண்டுகள் உயிரோடிருக்க வேண்டும்!

தொழிற்சாலையில் விபத்து நேர்ந்தால் தொழிலாளிக்கு ஈடு தரும் திட்டம் இருக்கிறதே, அதைப்போலக் குற்றத்தால் நேரும் இழப்பையும் சமுதாயம் பங்கிட்டுக்கொள்ளக் கூடாதா என்று ஃபிரை 1957-இல் பத்திரிகையில் எழுதினார். அடுத்த ஆண்டே காலமானார். அவர் விதைத்தது முதலில் முளைத்தது நியூசிலாந்தில். 1963-இல் அந்நாடு சட்டம் இயற்றியது. 1964-இன் முதல் நாளிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் பிரிட்டனும், 1965-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமும், 1976-இல் மேற்கு ஜெர்மனியும், 1977-இல் பிரான்சும் இவ்வழியில் சென்றன. 1974-இல் டோக்கியோ நகரில் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் வெடித்த குண்டு ஜப்பானியரின் மனத்தை உலுக்க, 1980-இல் அங்கும் சட்டம் பிறந்தது. 1985 நவம்பர் 29 அன்று ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, குற்றத்தாலும் அதிகார முறைகேட்டாலும் பாதிக்கப்பட்டோருக்கான நீதிக் கோட்பாடுகளை ஒரு பிரகடனமாக வெளியிட்டது. நீதியை அணுகும் வாய்ப்பு, மரியாதையான நடத்தை, குற்றவாளி தரும் ஈடு, அரசு தரும் ஈடு, மருத்துவமும் பிற உதவியும் என்று அது வகைப்படுத்திக் கூறுகிறது.

நாற்காலி போட்ட நாடுகள்

பணம் கொடுத்தால் போதுமா? போதாது. மகனை இழந்த தாய் நீதிமன்றத்துக்கு வருவது பணத்துக்காக மட்டும் அன்று. என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். என் மகன் இப்படிப்பட்டவன் என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். இந்த மனநிலையை உணர்ந்து அவர்களுக்கு நீதிமன்றத்தில் நாற்காலி போட்ட நாடுகள் ஐரோப்பாக் கண்டத்தில் இருக்கின்றன.

பிரான்சில் பாதிக்கப்பட்டவர் குற்ற வழக்கிலேயே ஒரு கட்சிக்காரராகச் சேர்ந்துகொள்ளலாம். அவருக்கென வக்கீல் உண்டு. வழக்குக் கட்டை அந்த வக்கீல் பார்க்கலாம். சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம். அரசு வழக்குத் தொடுநர் சும்மா இருந்துவிட்டாலும், பாதிக்கப்பட்டவரின் முறையீடே வழக்கை நகர்த்தவல்லது என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1906-லேயே தீர்ப்பளித்தது. 2015 நவம்பரில் பாரிஸ் நகரில் 130 பேரைப் பலிகொண்ட பயங்கரவாதத் தாக்குதல் வழக்கு, 2021 செப்டம்பர் முதல் 2022 ஜூன் வரை நடைபெற்றது. அதில் இவ்வாறு கட்சிக்காரர்களாகச் சேர்ந்தவர்கள் 1,800-க்கும் மேற்பட்டோர். உயிர் தப்பியவர்களும் உறவினர்களும் ஒருவர்பின் ஒருவராக வந்து, வாரக் கணக்கில் தங்கள் துயரத்தைச் சொன்னார்கள். நீதிபதிகள் கேட்டார்கள்; குற்றம் சாட்டப்பட்டவர்களும் அங்கேயே அமர்ந்து கேட்டார்கள்.

ஜெர்மனியில் கொடுங்குற்றங்களுக்கு ஆளானவர்கள் அரசோடு துணை வழக்காளியாக நிற்கலாம். ஜப்பானும் 2008-இல் பாதிக்கப்பட்டவர் விசாரணையில் பங்குகொள்ள இடமளித்தது. உலக நீதியின் வரலாற்றிலும் இதே மாற்றம். 1945-இல் தொடங்கிய நூரெம்பர்க் விசாரணையில் பாதிக்கப்பட்டோர் சாட்சிகளாக அன்றி வேறு இடம் பெறவில்லை. 1998-இல் ரோமாபுரியில் உருவான ஒப்பந்தத்தின்படி அமைந்த சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திலோ, அவர்கள் தம் கருத்தை முன்வைக்கலாம், ஈடும் கேட்கலாம். காங்கோ நாட்டில் சிறுவர்களைப் போர்வீரர்களாக்கிய குற்றத்துக்காக 2012-இல் அந்த நீதிமன்றம் வழங்கிய முதல் தீர்ப்பைத் தொடர்ந்து, ஈடு வழங்கும் விசாரணையும் நடந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பிரான்சில் பாதிக்கப்பட்டவர் தமக்குரிய ஈட்டைப் பற்றி அப்பீல் செய்யலாம். தண்டனையைக் கூட்டக் கோரி அப்பீல் செய்ய முடியாது. ஜெர்மனியிலும், தண்டனை போதாது என்ற ஒரே காரணத்துக்காகத் துணை வழக்காளி மேல்முறையீடு செய்ய இயலாது. நாற்காலி போட்டவர்கள் தராசைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். இதுவே அறிவுடைமை.

அமெரிக்காவின் பாதை வேறு. பிறர்மீது அரசு வழக்குத் தொடர்வதிலோ தொடராததிலோ தனி மனிதர் எவருக்கும் சட்டம் ஏற்கத்தக்க அக்கறை இல்லை என்று 1973-இல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. அந்தப் புறக்கணிப்புக்கு எதிராக எழுந்த இயக்கம் பல நன்மைகளைக் கொணர்ந்தது. குற்றவாளிகள் கட்டும் அபராதத்தையே மூலதனமாகக் கொண்டு 1984-இல் உதவி நிதி ஒன்று அமைந்தது. வழக்கின் தேதிகளை அறிவிக்க வேண்டும், மரியாதையோடு நடத்த வேண்டும் என்று 2004-இல் சட்டமும் வந்தது. ஆயினும் அதே இயக்கம் கடுந்தண்டனை வேண்டுவோரின் கருவியாகவும் ஆயிற்று. மரண தண்டனை வழக்கில், இறந்தவர் எத்தகையவர், குடும்பம் எவ்வாறு தவிக்கிறது என்பதை ஜூரிகளிடம் சொல்லலாகாது என்று 1987-இல் அதே கோர்ட்டு தடுத்தது. நான்கே ஆண்டுகளில், 1991-இல், சொல்லலாம் என்று மாற்றிக்கொண்டது. குடும்பத்தார் இன்ன தண்டனை கொடுங்கள் என்று கேட்பதற்கு இன்றும் தடை இருக்கிறது. ஆனால் கண்ணீர் பேசும்போது தடை எந்த மட்டுக்கு நிற்கும்? நன்றாகப் பேசத் தெரிந்த குடும்பம் உள்ளவனைக் கொன்றால் மரணம், நாதியற்றவனைக் கொன்றால் சிறை என்று ஆகிவிட்டால், அது வெஸ்ஸெக்ஸ் நாட்டுப் பழைய விலைப்பட்டியலே வேறு உருவில் திரும்பி வருவதாகும்.

நம் மனுநீதிச் சோழன் கதையை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை அடித்தது அமைச்சர் அல்லர், காவலரும் அல்லர். கன்றை இழந்த பசுவே அடித்தது. மன்னன் கேட்டான். துன்புற்ற உயிர் நேரே வந்து முறையிடலாம், ஆள்பவன் செவிசாய்க்க வேண்டும் என்னும் உயர்ந்த நெறி அது. ஆனால் கதை அத்தோடு நிற்கவில்லை. மகனைத் தேர்க்காலில் இடுவதில் போய் முடிகிறது. மணியை நாம் எடுத்துக்கொள்வோம், தேர்க்காலை விட்டுவிடுவோம்.

நம் நாட்டு நிலை

இந்தியாவில் 1898-ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்திலேயே, வசூலாகும் அபராதத்திலிருந்து பாதிக்கப்பட்டவருக்குப் பங்கு தரலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. 1973-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு படி மேலே சென்று, அபராதம் விதிக்காத வழக்கிலும் ஈடு தரும்படி குற்றவாளிக்குக் கட்டளையிடலாம் என்றது. ஆனால் 'தரலாம்' என்ற சொல் 'தராமலும் இருக்கலாம்' என்றே பொருள்பட்டு வந்தது. பாதிக்கப்பட்டவரைக் கவனியாதது நம் நீதிமுறையின் குறை என்று நீதிபதி கிருஷ்ண ஐயர் 1979-இல் ஒரு தீர்ப்பில் சுட்டிக்காட்டினார். இந்தப் பிரிவைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள் என்று 1988-இல் சுப்ரீம் கோர்ட்டு கீழ்க்கோர்ட்டுகளுக்குச் சொல்லிற்று. இருபத்தைந்து ஆண்டு சென்று 2013-இல், ஒவ்வொரு குற்ற வழக்கிலும் ஈட்டைப் பற்றி நீதிபதி சிந்தித்தே ஆக வேண்டும், கொடுத்தாலும் மறுத்தாலும் காரணம் எழுத வேண்டும் என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறை சொன்னது எந்த அளவுக்குக் கேட்கப்பட்டது என்பது இதிலிருந்தே தெரியவில்லையா?

பெரிய மாற்றம் 2009 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் ஏற்பட்டது. 'பாதிக்கப்பட்டவர்' என்ற சொல்லுக்கு அன்றுதான் குற்ற நடைமுறைச் சட்டத்தில் இலக்கணம் கிடைத்தது. ஒவ்வொரு மாநிலமும் ஈட்டுத் திட்டம் வகுக்க வேண்டும். குற்றவாளி விடுதலையானாலும், அவன் இன்னான் என்றே தெரியாவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்திடம் ஈடு கேட்கலாம். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். பிடிபடாத திருடனுக்காக நகரம் ஈடு தர வேண்டும் என்ற ஹம்முராபியின் விதிக்கு நாமும் ஒருவாறு வந்து சேர்ந்தோம்!

எதிரியை விடுதலை செய்தாலும், சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டித்தாலும், ஈட்டைக் குறைத்தாலும் பாதிக்கப்பட்டவர் அப்பீல் செய்யலாம் என்றும் அதே திருத்தம் கூறிற்று. அதற்கு முன்அனுமதி தேவையில்லை என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு விளக்கியது. தண்டனை போதாது என்பதற்காக மட்டும் அப்பீல் செய்ய அப்பிரிவில் இடமில்லை என்று 2020-இல் கூறியது. பிரான்சும் ஜெர்மனியும் வரைந்த அதே கோட்டை நாமும் வரைந்திருக்கிறோம். லக்கிம்பூர் கேரி வழக்கில், ஜாமீன் உட்பட வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று 2022-இல் தீர்ப்பாயிற்று. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குகளில், இவ்வுரிமையை 2015-ஆம் ஆண்டுத் திருத்தமே சட்டத்தில் எழுதிவைத்துவிட்டது. அடித்தவனும் அதே ஊரில், அடிபட்டவனும் அதே ஊரில் இருக்கும் வழக்குகளில், ஜாமீன் மனு வந்திருக்கிறது என்ற செய்தி முன்கூட்டித் தெரிவது சில வேளைகளில் உயிரையே காப்பதாகும்.

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2023-ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. புலன்விசாரணை எந்த மட்டில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் போலீசார் தெரிவிக்க வேண்டும். அரசு வழக்கைத் திரும்பப் பெறுமுன் பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்னும் விதிகள் அதில் உள்ளன. இவை வரவேற்கத்தக்கவை.

இன்னும் வேண்டுவன

இவ்வளவும் இருக்க, குறை என்ன? உரிமைகள் ஏட்டில் ஏறிவிட்டன. அவற்றைக் கையில் எடுத்துக் கொடுப்பார்தாம் இல்லை.

முதலாவது, வக்கீல். போலீசாரின் இறுதி அறிக்கையின் நகல் பாதிக்கப்பட்டவருக்கும் உண்டு என்கிறது புதிய சட்டம். ஆனால் அவருக்கு வக்கீல் இருந்தால் என்ற நிபந்தனையோடு! வக்கீல் வைக்க முடியாதவருக்குத்தானே நகல் மிகுதியாகத் தேவை? 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வருமானம் குறைந்தோர் முதலியவர்களுக்கு இலவச உதவி தருகிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பட்டியலில் ஒருவர் இடம் பெறுவதில்லை. கொடுங்குற்றங்களுக்கு ஆளானவர் எவராயினும் அரசுச் செலவில் வக்கீல் பெறலாம் என்று அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்ந்தால் போதும்.

இரண்டாவது, மொழி. இது தமிழகத்துக்கு வெளியே வந்து படிக்கும் நம்மைப் போன்றவர்கள் நன்கு உணரக்கூடியது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், திறந்த நீதிமன்றத்திலேயே அவருக்குப் புரியும் மொழியில் அதைப் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று 1973-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. புதிய சட்டமும் விதிக்கிறது. மிக நியாயமான விதி. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு அதற்கு இணையான விதி இல்லை. வட நாட்டு நகரமொன்றில் கட்டட வேலைக்கு வந்த தமிழரோ, தமிழ்நாட்டுத் தொழிற்சாலைக்கு வந்த ஒடிசாக்காரரோ குற்றத்துக்கு இலக்கானால், தம் வழக்கைத் தாமே பொம்மலாட்டம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஐரோப்பிய யூனியன் 2012-இல் பிறப்பித்த ஆணை, பாதிக்கப்பட்டவருக்குப் புரியும் மொழியில் செய்தி தரவும், இலவசமாக மொழிபெயர்ப்பு அளிக்கவும் வழிசெய்கிறது. இத்தனை மொழிகள் வழங்கும் நம் நாட்டுக்கு அந்த விதி ஐரோப்பாவைவிடப் பன்மடங்கு தேவையானது அன்றோ?

மூன்றாவது, தீர்ப்பின் வடிவம். ஈட்டைப் பற்றிக் காரணம் எழுத வேண்டும் என்பது தீர்ப்புகளில் மட்டும் இருந்தால் நினைவிருப்பவர் எழுதுவார், மற்றவர் மறப்பார். ஒவ்வொரு குற்றத் தீர்ப்பின் முடிவிலும் 'பாதிக்கப்பட்டவருக்கு ஈடு' என்ற தலைப்பு கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஹைகோர்ட்டுகள் தம் விதிகளில் சேர்த்தால், செலவில்லாமல் ஒரு சீர்திருத்தம் நிகழும்.

இப்படியெல்லாம் இடங்கொடுத்தால் குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவராக நிற்க, எதிரே அரசும் பாதிக்கப்பட்டவரும் இருவராக நிற்கமாட்டார்களா என்று கேட்கலாம். ஒதுக்கத்தக்க கேள்வி அன்று. எதிரி குற்றம் செய்தவர்தாமா என்பதே முடிவாகாத நிலையில், எதிரே நிற்பவரின் துயரம் தீர்ப்பை இழுத்துச் சென்றுவிடக் கூடாது. பாதிக்கப்பட்டவரின் வக்கீல் அரசு வக்கீலுக்குத் துணை நிற்கலாமே ஒழியச் சாட்சிகளைத் தாமே குறுக்கு விசாரணை செய்யும் உரிமை கோர முடியாது என்று 2019-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியதற்கு இந்த அச்சமே அடிப்படை. ஆனால் மேலே நான் கேட்ட மூன்றில் எது குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தீங்கு செய்யும்? ஏழைக்கு வக்கீல் கொடுப்பதா? புரியும் மொழியில் சொல்வதா? ஈட்டைப் பற்றி நான்கு வரி எழுதுவதா? இவற்றால் நிரபராதி ஒருவரும் சிறைக்குப் போகப்போவதில்லை. உண்மையில், தம்மை ஒருவரும் கேட்கவில்லை என்ற ஏக்கமே பாதிக்கப்பட்டவரைக் கடுந்தண்டனைக் கூக்குரலின் பக்கம் தள்ளுகிறது என்று நான் கருதுகிறேன். கேட்கப்பட்டவருக்குக் கூவ வேண்டியதில்லை.

மாணவர்களாகிய நம்மால் ஆவது என்ன? சட்டம் பயிலும் நண்பர்கள் தம் கல்லூரிச் சட்ட உதவி மையத்தின் வழியே, ஈடு கேட்கும் மனுவை எழுதித் தரலாம். மற்றவர்கள், மொழி தெரியாமல் போலீஸ் நிலைய வாயிலில் நிற்பவருக்காக ஒரு மணி நேரம் மொழிபெயர்த்து உதவலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டுப் பெறலாம் என்ற ஒரு செய்தியையாவது சொல்லி அனுப்பலாம். இரண்டு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும் என்று சட்டம் சொல்வது தெரிந்தவர் மூன்றாம் மாதத்தில் போய்க் கேட்பார். தெரியாதவர் தம் விதியை நொந்துகொண்டு வீட்டில் இருப்பார்.